தில்லையைப் பாடிய இருவர்: யார் பெரியவர்?

சிதம்பரத்தில் நடராஜர் இடது காலைத் தூக்கி ஆடுகிறார்.

அந்தத் தூக்கிய காலைப் பார்த்து இரண்டு பேர் பாடினார்கள். ஒருவர் அதைக் கண்டு உருகினார். அதுவே கதி என்று கிடந்தார். இன்னொருவரோ, எந்நேரமும் இப்படிக் காலைத் தூக்கிக்கொண்டே நிற்பானேன், என்ன சங்கதி என்று சாமியிடமே விசாரணை நடத்தினார்!

உருகியவர் சீர்காழி முத்துத் தாண்டவர். விசாரித்தவர், சிதம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள தில்லைவிடங்கன் ஊரைச் சேர்ந்த மாரிமுத்தாப் பிள்ளை.

இந்த இருவரில் யார் பெரியவர்?

வெள்ளைக்காரர் வழக்கு

ஐரோப்பாவில் இதே போல ஒரு வழக்கு வெகு காலமாக நடக்கிறது. பாக், ஹாண்டல் என்று இரண்டு இசை மேதைகள். இருவரும் ஒரே நாடு, ஜெர்மனி. ஒரே ஆண்டில், 1685-ல் பிறந்தவர்கள். ஆனாலும் ஒருவரை ஒருவர் கடைசி வரை நேரில் பார்த்ததில்லை. இருவருக்கும் முதுமையில் கண் போயிற்று. இருவருக்கும் கத்தி வைத்தவர் ஒரே ஆங்கிலேய டாக்டர்! இருவருக்கும் பார்வை திரும்பவில்லை.

அவர்களில் யார் உயர்ந்தவர் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். போடலாம். ஏனென்றால், அவர்கள் அமைத்த இசையில் பெரும் பகுதி சுரத்தோடு காகிதத்தில் இருக்கிறது. எடுத்து வாசித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம்.

நம் வழக்கு அப்படி இல்லை. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம்.

முதலில் காதில் விழுந்த சொல்

முத்துத் தாண்டவர் 16-ம் நூற்றாண்டில் பிறந்தவர். ஆண்டு 1525 என்பாரும் உண்டு, 1560 என்பாரும் உண்டு. நாதசுரம் வாசிக்கும் குடும்பம். தாண்டவன் என்பது பெயர். உடம்பில் தோல் நோய் வந்ததால் குலத் தொழில் செய்ய முடியவில்லை.

ஒரு நாள் இரவு சீர்காழிக் கோவிலில் வாகனங்கள் வைத்திருக்கும் இடத்தில் மயங்கிக் கிடந்தாராம். கவனிக்காமல் கோவிலைப் பூட்டிவிட்டார்கள். குருக்களின் மகள் உருவில் அம்பாளே வந்து சோறு கொடுத்தாள். "சிதம்பரத்துக்குப் போ. அங்கே முதலில் காதில் விழும் சொல்லை வைத்துப் பாடு" என்றாள். விடிந்ததும் பார்த்தால் நோயைக் காணோம்! உடம்பு முத்துப் போல் ஆனதால் முத்துத் தாண்டவர் ஆனார் என்பது கதை.

அப்படியே தினமும் போய்ப் பாடினார். பாடி முடித்ததும் சந்நிதிப் படியில் ஐந்து பொற்காசு இருக்குமாம். ஒரு நாள் சந்நிதியில் யாருமே வாய் திறக்கவில்லை. ஒரு சொல் கூட காதில் விழவில்லை. என்ன செய்தார்? "பேசாதே நெஞ்சமே" என்றே பாட்டை எடுத்துவிட்டார்!

கதையை நம்புகிறவர் நம்பட்டும். பாட்டுகள் இருப்பது நிஜம். சுமார் 60 கீர்த்தனைகளும் 25 பதங்களும் கிடைத்திருக்கின்றன. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று மூன்று பகுதியாகப் பாட்டுக் கட்டும் முறையைத் தமிழில் நிலைநிறுத்திய முன்னோடி அவர். திருவையாறு தியாகராஜர் பிறந்தது 1767-ல். அதற்கு 100 ஆண்டுகளுக்கும் முன்பே நடந்த காரியம் இது.

அவருடைய பதங்கள் காதல் பாட்டுகள். சாமி வீதி உலா வருகிறார். ஒரு பெண் வாசலில் நின்று ஏங்குகிறாள். "தெருவில் வாரானோ" என்ற பதத்துக்கு இன்றும் பரதநாட்டியத்தில் அபிநயம் பிடிக்கிறார்கள்.

பிள்ளைக்காகப் பாடிய தகப்பன்

மாரிமுத்தாப் பிள்ளையின் காலம் 1712 முதல் 1787 வரை. ஜெர்மனியில் பாக் 1750-ல் இறந்தபோது இவருக்கு வயது 38.

இவருடைய மகனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது. பெற்றவர் மனம் என்ன பாடுபடும்? நடராஜரிடம் முறையிட்டார். கனவில் உத்தரவு கிடைத்தது. "புலியூர் வெண்பா" பாடினார். புலியூர் என்பது சிதம்பரத்துக்கு இன்னொரு பெயர். மகன் தெளிந்தான் என்கிறார்கள்.

அமைதியான காலமும் அல்ல அது. சிதம்பரத்துக்கு வடக்கே கடலூரில் வெள்ளைக்காரனின் டேவிட் கோட்டை. 1758-ல் அதைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1781-ல் ஹைதர் அலியின் படை சிதம்பரம் கோவிலுக்குள்ளேயே இருந்தது. ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தாக்கிப் பார்த்துத் தோற்றுத் திரும்பினான். அப்போது மாரிமுத்தாப் பிள்ளைக்கு 69 வயது.

இத்தனைக்கும் நடுவில் இருந்த மனிதரின் பாட்டில் என்ன இருக்கிறது? கேலி! சாமியைத் திட்டுவது போலப் புகழ்வது. நிந்தாஸ்துதி என்பார்கள். சிவன் மேல் ஆசை வைத்த மகளை, அவனிடம் எதைக் கண்டு மயங்கினாய் என்று தாய் கடிந்துகொள்வது போல ஒரு பாட்டு. நம் வீடுகளில் கேட்கும் குரல்தான் அது. பிள்ளைக்காக அழுது தீர்த்த ஒருவனுக்குத்தான் கடவுளிடம் இந்த உரிமை வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மெட்டு எங்கே?

இப்போது வழக்குக்கு வருவோம்.

இருவரும் போட்ட மெட்டுகள் நமக்குக் கிடைக்கவில்லை! அவர்கள் சுரம் எழுதி வைக்கவில்லை. வாய் வழியாக வந்தவை வழியிலேயே மறைந்தன. பாட்டின் சொற்கள் மட்டும் ஓலையிலும் அச்சிலும் தங்கின.

கச்சேரிகளிலும் தெலுங்குப் பாட்டுகளே மேலோங்கி நின்றன. தமிழ்ப் பாட்டுக்கும் மேடை வேண்டும் என்று கிளர்ச்சி எழுந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக் கழகம் அதற்குப் பாசறை ஆயிற்று. 1941-ல் அங்கே தமிழ் இசை மாநாடு கூடியது. நடராஜர் கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில்! பிறகு பல்கலைக் கழகம் தமிழ்ப் பாட்டுகளைச் சுரத்தோடு புத்தகமாகப் போட்டது. வித்துவான்கள் பழைய பாட்டுகளுக்குப் புது மெட்டு அமைத்தார்கள்.

பாக்குக்கும் இந்த மறதி நேர்ந்ததுண்டு. அவருடைய பெரிய தேவாலய இசை ஒன்றை மெண்டல்சன் என்ற 20 வயது வாலிபர் 1829-ல் மேடை ஏற்றிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் அவருக்கு ஏடு கிடைத்தது. நம்மவர்களுக்கு அதுவும் இல்லை.

ஆகவே, இன்று ரேடியோவில் இவர்கள் பாட்டைக் கேட்டு "ஆகா, என்ன ராகம்!" என்று தலையாட்டினால், அந்தப் பாராட்டில் பெரும் பங்கு பின்னால் வந்த வித்துவான்களுக்கே போய்ச் சேரும். இந்த இருவரையும் சொல்லை வைத்தும், பாட்டுக் கட்டிய விதத்தை வைத்தும்தான் எடை போட முடியும்.

கட்டிய விதத்தில் முத்துத் தாண்டவர் பெரியவர். சந்தேகம் இல்லை. அவர் போட்ட பாதையில்தான் மாரிமுத்தாப் பிள்ளையே நடந்தார். ஆனால் மெட்டே இல்லாமல், பாட்டை வெறும் பேச்சாகப் படித்துப் பாருங்கள். மாரிமுத்தாப் பிள்ளையின் பாட்டு அப்போதும் நிற்கிறது. சிரிப்பு வருகிறது, சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்குகிறது. என் ஓட்டு அவருக்கே.

இதை எழுதி முடித்து என் மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"உங்கள் தீர்ப்பு இருக்கட்டும். நம் பெண் ஆடினாளே, அது யார் பாட்டு?" என்றாள்.

"முத்துத் தாண்டவர் பாட்டு. 'தெருவில் வாரானோ.'"

"அன்றைக்கு முன் வரிசையில் உட்கார்ந்து அழுதது யார்?"

நான் பேசவில்லை.