பழைய ஆர்எக்ஸ்-8 வாங்கப் போகிறீர்களா?

பிரிட்டனில் ஒரு சில ஆயிரம் பவுண்டுக்கு, 9,000 ஆர்.பி.எம். வரை சுழலும் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கிடைக்கிறது. அதுதான் மாஸ்டா ஆர்எக்ஸ்-8. 2003-இல் விற்பனைக்கு வந்தது. 2012-இல் தயாரிப்பு நின்றது. முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் எடை ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்திருப்பதால், வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பிய கணமே திரும்பும். முன்கதவுக்குப் பின்னால் எதிர்ப்புறமாகத் திறக்கும் சின்னக் கதவுகள் உண்டு என்பதால், பின்சீட்டில் பெரியவர்களும் உட்கார முடியும். இவ்வளவு நல்ல கார் ஏன் இவ்வளவு மலிவு? இன்ஜின்தான் காரணம். அதைப் புரிந்துகொண்டு தேடினால், இந்த விலைக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் கார் கிடையாது என்பேன். புரியாமல் வாங்கியவர்கள் காருக்குக் கொடுத்ததைவிட அதிகமாக இன்ஜினுக்குக் கொடுக்க நேர்கிறது.

இந்த இன்ஜினில் பிஸ்டன் கிடையாது. ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல் உருவாக்கிய ரோட்டரி வகை இது. நடுவில் சற்றே ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள், பக்கங்கள் புடைத்த முக்கோணம் ஒன்று சுழல்கிறது. அதற்குப் பெயர் ரோட்டர். அதன் மூன்று முகங்களுக்கும் அறைச் சுவருக்கும் நடுவே மூன்று இடைவெளிகள் உண்டாகின்றன. சுழலச் சுழல, ஒவ்வோர் இடைவெளியும் விரிந்து காற்றையும் பெட்ரோலையும் இழுக்கிறது, சுருங்கி அழுத்துகிறது, எரிந்தபின் புகையை வெளியே தள்ளுகிறது. ஆர்எக்ஸ்-8-இல் 654 சி.சி. கொண்ட இரண்டு ரோட்டர்கள், மொத்தம் 1.3 லிட்டர்தான். மேலும் கீழும் போய்வரும் பாகமே இல்லாததால் வேகம் கூடக் கூட இன்ஜின் இன்னும் மென்மையாகிறது. 2003-இல் சர்வதேச அளவில் ஆண்டின் சிறந்த இன்ஜினாக இது தேர்வானது.

முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும், பக்கவாட்டிலும் மெல்லிய சீல்கள் இருக்கின்றன. சாதாரண இன்ஜினில் பிஸ்டன் வளையம் செய்யும் வேலையை இவை செய்கின்றன. இவை தேய்ந்தாலோ, கரி படிந்து இறுகினாலோ அழுத்தம் கசியும். அப்புறம் அந்த இன்ஜினுக்கு மீட்சி இல்லை. பிரித்துப் புதுப்பிக்கத்தான் வேண்டும்.

ஆகவே கார் பார்க்கப் போகும்போது பெயின்டையும் சீட்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இந்த அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். சாதாரண மெக்கானிக்கிடம் இருக்கும் கருவி இதற்குப் பயன்படாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். அந்தக் கருவி மூன்றில் அதிகமான அளவை மட்டுமே காட்டும், பழுதான முகம் மறைந்துவிடும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால், இன்ஜின் சூடாக இருக்கும்போது சோதித்து, ஆறு எண்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 250 சுற்று என்ற கணக்குக்குத் திருத்திய எண்களாக அவை இருக்க வேண்டும். மாஸ்டா நிர்ணயித்த குறைந்தபட்ச அளவு 6.8 பார், புது இன்ஜினுக்கு 8.3 பார் வரை வரும். ஆறும் 7-க்கு மேலே, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் நல்ல செய்தி. ஐந்து நன்றாக இருந்து ஒன்று மட்டும் சரிந்திருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

டெஸ்டுக்கு முன்பே நீங்களாகச் செய்துபார்க்கக்கூடியது ஒன்று உண்டு. வண்டியை இருபது நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்தி, பத்து நிமிடம் விற்பவரோடு பேசிக்கொண்டிருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். சட்டென்று பற்ற வேண்டும். சீல் தேய்ந்த இன்ஜின் குளிரில் ஒழுங்காகக் கிளம்பும், சூட்டில்தான் திணறும். வேகமாகச் சுழலும் புது ஸ்டார்ட்டர் மோட்டாரை மாட்டி இந்தத் திணறலை மறைக்க முடியும் என்பதையும் மனத்தில் வையுங்கள். 250 சுற்றுக்குத் திருத்திய எண்களைக் கேட்பது இதற்காகத்தான். நீங்கள் போவதற்குள் விற்பவர் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் இன்னொரு நாள் பார்க்க வருவதாகச் சொல்லுங்கள். இரண்டு நிலையிலும் பார்த்தாக வேண்டும்.

மைலேஜ் குறைவாக இருப்பது மற்ற கார்களில் நல்ல அடையாளம். இந்தக் காரில் அதை நான் நம்புவதில்லை. பதினைந்து ஆண்டில் முப்பதாயிரம் மைல் மட்டுமே ஓடிய ஆர்எக்ஸ்-8, பெரும்பாலும் கடைக்கும் பள்ளிக்கும் போய்வந்து, சூடாகுமுன் அணைக்கப்பட்ட வண்டி. குளிர்ந்த இன்ஜின் அதிகம் பெட்ரோல் குடிக்கும். உடனே அணைத்தால் அந்தப் பெட்ரோல் உள்ளேயே தங்கி, சீல்மேல் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாமல் போவதும் இதனால்தான். நெடுஞ்சாலையில் ஓடி, சூடானபின் அடிக்கடி முழு வேகத்துக்கு முறுக்கப்பட்ட எண்பதாயிரம் மைல் கார் இதைவிட ஆரோக்கியமாக இருக்க வாய்ப்புண்டு.

உரிமையாளரின் பழக்கத்தை அறிய ஒரே கேள்வி போதும்: “எவ்வளவு மைலுக்கு ஒரு தடவை ஆயில் ஊற்றுவீர்கள்?” சீல்களை வழுவழுப்பாக வைக்க, இந்த இன்ஜின் வேண்டுமென்றே கொஞ்சம் ஆயிலை அறைக்குள் செலுத்தி எரிக்கிறது. ஆயிரம் மைலுக்குத் தோராயமாக ஒரு லிட்டர் போவது இயல்பு. “ஆயிலே குடிக்காது” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், ஒன்று அவர் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பதில்லை, அல்லது ஆயில் போய்ச்சேரும் வழி அடைத்திருக்கிறது. இரண்டுமே ஆபத்து.

அடுத்து இக்னிஷன் காயில்கள். நான்கு உண்டு, முப்பதாயிரம் மைலையொட்டி பலவீனமாகிவிடும். அப்போது பொறி சரியாக விழாமல், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் எரியும். அது உருகி அடைத்துக்கொள்ளும். வெளியேற வழியில்லாத சூடு திரும்ப சீல்களைத் தாக்கும். மலிவான ஓர் உதிரிபாகத்தைக் காலத்தில் மாற்றாததால் இன்ஜினே போவது இப்படித்தான். காயில், பிளக் மாற்றிய பில்கள் இருந்தால் அந்தக் காருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

துருவைப் பின்சக்கர வளைவிலும் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியிலும் தேடுங்கள். நம்பர் பிளேட் எண்ணைக் கொடுத்தால் எம்.ஓ.டி. எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனையின் வரலாறு அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்த ஆண்டு துரு பற்றி எச்சரித்தார்கள், புகைச் சோதனையில் எப்போது தோற்றது எல்லாம் அதில் இருக்கும்.

பிரிட்டனில் 192, 231 குதிரைத்திறன் என இரண்டு வகை விற்றன. 9,000 வரை போவது ஆறு கியர் உள்ள 231 மட்டுமே. நான் அதைத்தான் தேடச் சொல்வேன். சாலை வரியில் ஒரு நுணுக்கம் உண்டு. 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான கார்களுக்கு வரி ஒரு படியோடு நின்றுவிடும். அதற்குப் பின் பதிவானவை உச்சப் படியில் விழும். ஆண்டுக்கு 300 பவுண்டுக்கு மேல் வித்தியாசம். ஆனாலும் 2008-இல் திருத்தியமைத்த மாடலில் ஒவ்வொரு ரோட்டருக்கும் ஆயில் செலுத்தும் துளை ஒன்று கூடியது. இன்ஜின் ஆயுளுக்கு அது நல்லது என்பதால், கையில் பணம் இருந்தால் கூடுதல் வரியைப் பொறுத்துக்கொள்ளலாம். பெட்ரோல் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

விளம்பரத்தில் “இன்ஜின் ரீபில்ட் செய்தது” என்று இருந்தால் பில்லைப் பார்க்காமல் நம்ப வேண்டாம். யார் செய்தார்கள், சீல் மட்டும் மாற்றினார்களா, அறைச் சுவர்களைத் தேய்மானத்துக்கு அளந்தார்களா, முடித்தபின் எடுத்த ஆறு எண்கள் எங்கே என்று கேளுங்கள். தேய்ந்த சுவருக்குள் புது சீல் போட்ட இன்ஜின் நெடுநாள் தாங்காது. கம்ப்ரஷன் டெஸ்டுக்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம், இன்ஜின் புதுப்பிக்கும் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். அந்த விலைக்கு இறங்கவில்லை என்றால் அடுத்த காரைப் பார்க்கக் கிளம்புங்கள். இந்தக் கார்கள் 1,90,000-க்கு மேல் தயாராகியிருக்கின்றன.