பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஏற்ற பாட்டரி எது?

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் விவசாயிகள் பலரிடம் ஒரே குறையைக் கேட்கலாம். ‘போன சம்பாவுக்கு வாங்கிய பாட்டரி இந்தச் சம்பாவுக்குள் படுத்துவிட்டது’ என்பதே அது. கடைக்காரர் வண்டியைக் குறை சொல்கிறார். மெக்கானிக் பாட்டரியைக் குறை சொல்கிறார். இருவருக்கும் நடுவே வண்டிக்காரர் மறுபடியும் பணம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார். இம்முறை ‘பராமரிப்பே தேவையில்லை’ என்று சொல்லி மூடிய பாட்டரி ஒன்றைத் தருகிறார்கள். விலையும் சற்றுக் கூடுதல். அடுத்த ஆண்டும் அதே கதை நடந்தால், கோளாறு பாட்டரியில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்று அறியவேண்டும்.

நீடாமங்கலம் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அல்ல. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பைச் சுற்றியுள்ள ஊர்களில் உர மூட்டை ஏற்றி வரவும், விடியுமுன் மடை பார்க்கப் போகவும், கொள்முதல் நிலையத்தில் குவித்த நெல்லுக்கு இரவுக் காவல் போய்வரவும் அதுவே வாகனம். ஆற்றங்கரைச் சாலையில் பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் எரியாத வண்டி திடீரென்று நின்றால், பின்னால் வரும் நெல் லாரிக்காரருக்குத் தெரியாது. ஆகவே இதில் பணம் மட்டும் அல்ல, உயிரும் அடங்கியிருக்கிறது.

வண்டியில் பாட்டரிக்கு என்ன வேலை?

எல்லா வண்டியிலும் பாட்டரியின் வேலை ஒன்றல்ல. ராஜ்தூத், யெஸ்டி, பழைய புல்லட் போன்றவை 6 வோல்ட் வண்டிகளாக வந்தவை. இவற்றில் யெஸ்டிக்கும் பழைய புல்லட்டுக்கும் பிளக்கில் பொறி உண்டாவதற்கே பாட்டரி மின்சாரம் வேண்டும். பாட்டரி படுத்தால் வண்டியும் படுத்துவிடும்.

1994-இல் வந்த ஸ்பிளெண்டர் போன்ற 12 வோல்ட் வண்டிகளில் பொறிக்கான மின்சாரம் மேக்னெட்டோவிலிருந்து நேராகவே கிடைக்கிறது. அந்தக் காலத்து மாடல்களில் முன் விளக்கும் அப்படியே எரிந்தது. பாட்டரியின் பங்கு ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, இருந்தால் செல்ப் ஸ்டார்ட், அவ்வளவுதான். பாட்டரி செத்தாலும் உதைத்தால் வண்டி கிளம்பிவிடும். இந்த வசதியே பலரை மெத்தனமாக இருக்க வைக்கிறது. செத்த பாட்டரியோடு மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு பெட்ரோல் செலுத்துவதே மின் பம்பு. அவற்றின் கதை வேறு.

தண்ணீர் எங்கே போகிறது?

பிரான்ஸ் நாட்டு கஸ்தோன் பிளாந்தே 1859-இல் செய்து காட்டிய ஈய பாட்டரியின் தத்துவம்தான் இன்றைய வண்டியிலும் இருக்கிறது. ஈயத் தகடுகளும் நீர் கலந்த கந்தக ஆசிட்டும் கொண்ட அறை ஒன்று சுமார் 2 வோல்ட் தரும். ஆறு அறைகள் சேர்ந்தால் 12 வோல்ட், மூன்று சேர்ந்தால் 6 வோல்ட்.

பாட்டரி நிரம்பிய பிறகும் மின்சாரம் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் அது தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் வெளியேற்றுகிறது. ஆசிட் ஆவியாவதில்லை, தண்ணீர்தான் குறைகிறது. ஆகவே மட்டம் இறங்கிய பாட்டரிக்கு மேலும் ஆசிட் ஊற்றுவது பெரும் தவறு. காரம் ஏறித் தகடு அரித்துப்போகும். காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டுமே ஊற்ற வேண்டும். போர் தண்ணீரில் உப்பும் இரும்பும் உண்டு. கூரையில் வழியும் மழை நீரும், ஏ.சி. இயந்திரத்தில் சொட்டும் நீரும்கூடத் தூய நீர் அல்ல. கடையில் விற்கும் பாட்டரித் தண்ணீர் ஒரு கேன் வாங்கினால் ஆண்டு முழுதும் வரும். இதில் சிக்கனம் பார்ப்பது, விதை நெல்லில் சிக்கனம் பார்ப்பது போன்றது.

கடையில் கிடைப்பவை மூன்று வகை. பழைய வகையில் தகட்டின் சட்டத்துக்கு உறுதி தர ஈயத்துடன் ஆண்டிமனி சேர்த்திருப்பார்கள். இது தண்ணீர் அதிகம் குடிக்கும். மாதம் ஒருமுறை மட்டம் பார்த்தே ஆக வேண்டும். இரண்டாவது வகையில் ஆண்டிமனியைக் குறைத்தோ, அதற்குப் பதில் கால்சியம் சேர்த்தோ செய்கிறார்கள். தண்ணீர் மெல்லக் குறையும். மூடி இருப்பதால் தேவைப்படும்போது ஊற்றிக்கொள்ளலாம். குறைந்த பராமரிப்பு என்ற பெயர் இதற்கே பொருந்தும். மூன்றாவது வகை முழுதும் மூடியது. ஆசிட் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறி நிற்கும். உள்ளே உண்டாகும் ஆக்சிஜன் வெளியே போகாமல் தகட்டோடு சேர்ந்து மறுபடி தண்ணீராகிவிடும். மிஞ்சிய அழுத்தம் ஒரு சிறு வால்வு வழியே வெளியேறும். சாய்ந்தாலும் சிந்தாது. மழைக்காலத்தில் வண்டி வெள்ளத்தில் நின்றால் அறைகளுக்குள் சேற்றுநீர் புகாது. நல்ல பொருள்தான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

ரெகுலேட்டரைச் சோதிக்காமல் பாட்டரி வாங்க வேண்டாம்

மூடிய பாட்டரிக்கு அளவான மின்சாரம் போக வேண்டும். அளவுக்கு மீறிப் போனால் உண்டாகும் வாயு தகட்டில் சேர முடியாத வேகத்தில் பெருகி வால்வு வழியே தப்பிவிடும். போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. உள்ளே பஞ்சு காய்கிறது, பாட்டரி சூடேறிப் பக்கங்கள் உப்புகின்றன. சில மாதங்களில் கதை முடிந்துவிடும். மூடி உள்ள பாட்டரியாக இருந்தால் அதே வண்டியில் தண்ணீர் ஊற்றி ஊற்றியாவது காலம் தள்ளலாம். பழைய வண்டியில் மூடிய பாட்டரி சீக்கிரம் சாவதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

மேக்னெட்டோ தரும் மின்சாரத்தை மட்டுப்படுத்தி பாட்டரிக்கு அனுப்புவது ரெகுலேட்டர்-ரெக்டிபையர் என்னும் சிறு பெட்டி. பத்து, பதினைந்து ஆண்டு ஓடிய வண்டியில் அது பழுதாகியிருக்கலாம். அல்லது அதன் எர்த் கம்பி துருப்பிடித்திருக்கலாம். சோதிப்பது ஐந்து நிமிட வேலை. சிறிய மல்டிமீட்டர் ஒன்று மோட்டார் ரிப்பேர் செய்பவர் எவரிடமும் இருக்கும். வண்டியை இரவு முழுதும் நிறுத்தி வைத்து, காலையில் கிளப்பாமல் பாட்டரி முனைகளில் அளந்தால் நிரம்பிய 12 வோல்ட் பாட்டரி 12.6-க்குக் குறையாமல் காட்டும். 12.4-க்குக் கீழே இருந்தால் மின்னேற்றம் தேவை. 12 தான் காட்டினால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது என்று பொருள்.

பிறகு எஞ்சினைக் கிளப்பி, சாலையில் ஓட்டும் அளவுக்கு ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடித்து அளக்க வேண்டும். 13.8 முதல் 14.5 வரை நின்றால் வண்டி சரி. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. எந்த விலையில் பாட்டரி வாங்கிப் போட்டாலும் வெந்துபோகும். 13-ஐத் தொடவே இல்லை என்றால் மின்னேற்றமே நடக்கவில்லை; காயில், ரெக்டிபையர், பியூஸ், கம்பி இணைப்பு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். 6 வோல்ட் வண்டிக்கு இந்த அளவுகளில் பாதியைக் கொள்ளலாம். பாட்டரி அடியோடு செத்திருந்தால் அளவு சரியாக வராது. அப்போது நல்ல பாட்டரி ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்தி அளப்பது நலம்.

சின்ன மதகும் பெரிய வயலும்

‘பெரிய பாட்டரியாகப் போட்டால் நீடித்து உழைக்கும்’ என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. பாட்டரியின் கொள்ளளவை ஆம்பியர்-மணி என்ற கணக்கில் சொல்வார்கள். உதைத்துக் கிளப்பும் 100 சி.சி. வண்டியில் 2.5 ஆம்பியர்-மணி பாட்டரி வழக்கம். செல்ப் ஸ்டார்ட் உள்ளவற்றில் அது கூடும். மேக்னெட்டோ என்பது மதகு. பாட்டரி என்பது வயல். மதகு அதேதான் இருக்க, வயலை மட்டும் பெரிதாக்கினால் நீர் பாய நாளாகுமே தவிர விளைச்சல் பெருகாது. நாள்தோறும் எடுப்பது போடுவதை விட அதிகமாக இருந்தால், பெரிய பாட்டரி படுப்பது சில நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

எடுப்பு எங்கே அதிகமாகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். செல்ப் ஸ்டார்ட் பெருந்தீனி என்று நினைப்பார்கள். உண்மையில் இரண்டு விநாடிக்கு 60 ஆம்பியர் இழுத்தாலும், மொத்தத்தில் அது 0.03 ஆம்பியர்-மணி அளவே. ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி கிளப்புவதால் நல்ல பாட்டரி படுத்துவிடாது. கிளம்பாத வண்டியை பட்டனை அமுக்கியே கிளப்பப் பார்ப்பதுதான் கெடுதல். பிடிவாதமான வண்டியை உதைத்துக் கிளப்புவதே நல்லது.

உண்மையான தீனிக்காரர்கள் பின்னால் மாட்டிய பொருள்கள். வயல் வெளிச்சத்துக்கென்று 20 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை மாட்டினால் அது ஏறக்குறைய 1.7 ஆம்பியர் எடுக்கும். எஞ்சின் நின்றிருக்கும்போது களத்தில் அந்த விளக்கை எரியவிட்டால் 2.5 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றரை மணி நேரத்தில் காலி. செல்போன் சார்ஜரும் அப்படியே. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரம் இன்றி இருந்தன. அத்தகைய வேளையில் வண்டியிலிருந்து செல்போனுக்கு மின்னேற்ற நேர்ந்தால், எஞ்சின் ஓடும்போது மட்டுமே செய்ய வேண்டும்.

டெல்டா விவசாயியின் ஓட்டமும் பாட்டரிக்கு உகந்ததாக இல்லை. வீட்டுக்கும் வயலுக்கும் இடையே ஒரு மைல், இரண்டு மைல். மெதுவான ஓட்டம், பத்து முறை ஹாரன், பிரேக். மேக்னெட்டோ சரியாக வேலை செய்யத் தொடங்குமுன் வண்டி நின்றுவிடுகிறது. வாரம் ஒருமுறை மன்னார்குடிக்கோ திருவாரூருக்கோ போய்வரும் வண்டியில் பாட்டரி நன்றாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அடைமழையில் வாரக்கணக்கில் திண்ணையோரம் நிற்கும் வண்டியிலும் பாட்டரி தானாகவே இறங்கும். இறங்கிய நிலையில் விட்டுவைத்தால் தகட்டில் படியும் ஈய சல்பேட் இறுகிக் கல்லாகும். பிறகு மின்சாரம் ஏறாது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் நிறுத்துவதும் ஆயுளைக் குறைக்கும். சூடு சுமார் 10 டிகிரி ஏறினால் பாட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் கணக்கு.

எதை வாங்கலாம்?

6 வோல்ட் வண்டிக்கும், மின்னேற்றம் ஏறி இறங்கும் வண்டிக்கும் தண்ணீர் ஊற்றும் மூடி உள்ள பாட்டரியே ஏற்றது. மூடிய வகை இவற்றுக்கு வேண்டாம். ரெகுலேட்டர் சோதனையில் தேறிய 12 வோல்ட் வண்டிக்கு, தண்ணீர் பார்க்க நேரமில்லாதவர்கள் மூடிய பாட்டரியைத் தயங்காமல் வாங்கலாம். மாதம் ஒருமுறை குனிந்து மட்டம் பார்ப்பவராக இருந்தால், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் இரண்டாவது வகை கிடைக்குமா என்று கேட்டுப்பார்க்கலாம், செலவு குறையும். லித்தியம் பாட்டரி எடை குறைவு, விலை மிக அதிகம். மின்னேற்றம் சற்று மீறினாலும் தாங்காது. பழைய வண்டிக்கு அது தேவையற்ற செலவு.

கடையில் வண்டிப் புத்தகத்தில் உள்ள வோல்ட், ஆம்பியர்-மணி இரண்டையும் சொல்லிக் கேட்க வேண்டும். பெட்டியின் அளவும், கூட்டல் முனை எந்தப் பக்கம் என்பதும் பொருந்த வேண்டும். முனை மாற்றி இணைத்தால் ரெக்டிபையர் உடனே போய்விடும். தயாரித்த மாதம், ஆண்டு எது என்று காட்டச் சொல்லவேண்டும். ஆசிட் நிரப்பி அலமாரியில் நாளாகக் கிடந்த பாட்டரி புதியது ஆகாது. ரசீதும், முத்திரையிட்ட உத்தரவாத அட்டையும் கட்டாயம்.

உலர் நிலையில் வரும் பாட்டரிக்குக் கடையில் ஆசிட் ஊற்றியவுடன் வண்டியில் மாட்டி அனுப்புவது பல இடங்களில் வழக்கம். இது சரியல்ல. அரை மணி ஊறவிட்டு, பிறகு முதல் மின்னேற்றத்தைக் குறிப்பேட்டில் சொன்ன நேரம் முழுதும் செய்ய வேண்டும். அளவு, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. 5 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு அரை ஆம்பியர். ‘நாளைக் காலை வந்து வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வருவது நல்லது. கார், டிராக்டர் பாட்டரிக்கான சார்ஜரில் இதை மாட்டக் கூடாது. டிராக்டர் பாட்டரியிலிருந்து கம்பி போட்டு வண்டியைக் கிளப்ப நேர்ந்தால், இரண்டும் 12 வோல்ட்தானா என்று பார்த்து, டிராக்டர் எஞ்சினை அணைத்த நிலையில் செய்யவேண்டும். மின்னேற்றும் இடத்தில் பீடி, நெருப்பு ஆகாது. வெளிவரும் ஹைட்ரஜன் வெடிக்கும்.

மூடி உள்ள பாட்டரியில் ஆவி வெளியேறும் ரப்பர் குழாய் நசுங்காமல், செயினிலும் சட்டத்திலும் படாமல் கீழே போகவேண்டும். ஆசிட் கையில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். தரையில் சிந்தினால் சமையல் சோடாவைத் தூவலாம்.

பழைய பாட்டரியை மாட்டுக் கொட்டகை மூலையில் போட்டு வைப்பதும், உடைத்து ஈயம் எடுப்பதும், ஆசிட்டை வாய்க்காலில் கொட்டுவதும் ஆபத்து. ஈயம் உடலில் சேர்ந்தால் முதலில் பாதிக்கப்படுவது குழந்தைகளின் மூளை. 2001-ஆம் ஆண்டின் பாட்டரி விதிகளிலேயே பழைய பாட்டரியை விற்பனையாளர் திரும்பப் பெறவேண்டும் என்று கூறப்பட்டது. 2022-இல் வந்த புதிய விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதும் வைக்கின்றன. ஆகவே புதியது வாங்கும்போதே பழையதைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, அதற்கான கழிவைப் பேசி, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.