பழைய யந்திரமும் புதிய செலவும்

கம்பம் பள்ளத்தாக்கிலே, கூடலூர் முதல் சின்னமனூர் வரையில், கம்ப்யூட்டர் யந்திரம் நுழையாத தெரு இன்று இல்லையென்றே கூறலாம். இவற்றுள் எத்தனையோ, ஏழெட்டு வருஷங்களுக்கு முன் படிப்பின் பெயரால் தகப்பனாரிடம் பணம் பெற்று, விளையாட்டை மனத்திற்கொண்டு வாங்கப்பட்டவை. தகப்பனாரும் அதை அறியாதவரல்லர்; அறியாதவர்போல் இருந்துவிட்டார். அந்த யந்திரங்களுக்கு இப்போது மூப்பு வந்துவிட்டது. புதிய விளையாட்டைத் திறந்தால் திரையிலே உருவங்கள் தயங்கித் தயங்கி நகர்கின்றன. பெட்டிக்குள் விசிறி இரைகிறது. மகன் புதிய யந்திரம் வேண்டுமென்கிறான். கடைக்காரர் கூறும் விலையோ லட்ச ரூபாயை எட்டுகிறது. பன்னீர் திராட்சையின் விலை இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாக இருக்கும் சீமையிலே, ஏலத்தோட்டத்துக் கூலிக்கு விடியுமுன் ஜீப்பேறும் குடும்பங்கள் நிறைந்த சீமையிலே, லட்ச ரூபாய் சிறு தொகையன்று. கையில் பத்துப் பதினையாயிரத்துக்குமேல் இல்லாத வீட்டார் என் செய்வது என்பதே நாம் ஆராயப் புகும் விஷயம்.

விளையாட்டுக் கருவிக்கு இப்பக்கத்தில் இடமா என்று கேட்போரும் சிலர் இருப்பர். பணம் வைத்து ஆடும் ஆட்டத்தை நாம் ஆதரிப்பவரல்லோம். அதனை 2025-ம் வருஷம் இந்தியப் பார்லிமெண்டே சட்டமியற்றித் தடுத்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் திறன் போட்டியை வேறாகப் பிரித்து அங்கீகரித்தும் இருக்கிறது. அன்றியும், விளையாட்டைச் செவ்வனே ஓட்டும் யந்திரமே வீடியோ தொகுக்கவும் கட்டட வரைபடம் போடவும் உதவுவது. கேளிக்கைச் செலவென்று இதை ஒரேயடியாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது.

பழையதைத் திருத்திப் பயன்கொள்ளும் வித்தையை நமது பள்ளத்தாக்கு எவரிடமும் கற்கவேண்டியதில்லை. காய்ப்புக் குறைந்த திராட்சைக் கொடியை விவசாயி உடனே வேரோடு பிடுங்குகிறானா? கவாத்துச் செய்கிறான், அடுத்த காய்ப்பைப் பார்த்த பின்னரே முடிவு கட்டுகிறான். லோயர் காம்பிலுள்ள பெரியாறு மின் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். 1958-ம் வருஷம் முதல் அங்கே நிறுவப்பட்டவை தலா 35 மெகாவாட் ஆற்றலுள்ள நான்கு யந்திரங்கள். பின்னாளில் புதுப்பித்தபோது, அதே அணையையும் அதே மலைச் சுரங்கத்தையும் வைத்துக்கொண்டே, யந்திரத்தின் ஆற்றலை 42 மெகாவாட்டாக உயர்த்த வழி கண்டார்கள்.

அந்தச் சுரங்கத்தையே நமது வாலிபர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். 1895-ம் வருஷம் முதல் பெரியாற்று நீர் அதன் வழியாகவே நமக்கு வருகிறது. அணையிலே நீர் எவ்வளவு நின்றபோதிலும், சுரங்கம் கொள்ளும் அளவுக்குமேல் இப்பக்கம் இறங்காது. கம்ப்யூட்டரும் அத்தகையதே. பிராசஸர், ராம், கிராபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க் ஆகிய நான்கினுள் எது குறுகியதோ, அதன் அளவே யந்திரத்தின் வேகம். குறுகலான இடத்தை விட்டுவிட்டு மற்றோரிடத்தில் பணத்தைக் கொட்டுவது, சுரங்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு அணையை மாத்திரம் உயர்த்துவதற்கு ஒப்பாகும். நம்மூர்களில் பணம் வீணாவது பெரும்பாலும் இவ்விதமே.

குறுகல் எங்கேயென்று அறியச் செலவேதுமில்லை. விளையாட்டை ஓடவிட்டு, விண்டோஸிலுள்ள டாஸ்க் மானேஜரைத் திறந்து பார்த்தால் போதும். கிராபிக்ஸ் கார்டு நூற்றுக்கு 95-க்குமேல் உழைக்கிறதாயின் குறை அக்கார்டிலே. அது பாதியளவே உழைக்க, காட்சியும் தயங்குமாயின் பெரும்பாலும் பிராசஸரே காரணம். ஐயமிருப்பின் திரையின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்க்கலாம். குறைத்தும் வேகம் கூடவில்லையென்றால் கார்டை மாற்றுவதில் பயனில்லை. 8 ஜி.பி. ராம் முழுதும் நிறைந்து, டிஸ்க் இடைவிடாது சுழலுமாயின் வியாதி வேறு, மருந்தும் வேறு.

மருந்து வாங்குமுன் பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும். ஆனி ஆடியிலே கணவாய் வழியாக வீசும் காற்றை ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள் விரும்பலாம், கம்ப்யூட்டர் விரும்பாது. அக்காற்றுடன் வரும் புழுதி விசிறியிலும் ஹீட் ஸிங்கிலும் படிந்து, சூடு மிகுந்து, தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டு பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. புழுதியைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றச் சில நூறு ரூபாயே ஆகும். 3200 என்று எழுதி விற்கப்படும் ராம், பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்னும் ஏற்பாட்டைச் செய்யும்வரையில் பல யந்திரங்களில் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். திரையின் கேபிளைக் கார்டிலே சொருகாமல் மதர்போர்டிலே சொருகிவிட்டு, கார்டு சரியில்லையென்று வருந்துவோரும் உண்டு.

நிற்க. செலவு செய்தே தீரவேண்டுமென்றால் முதற்செலவு எஸ்.எஸ்.டி. சுழலும் ஹார்டு டிஸ்க் வினாடிக்கு 100 முதல் 150 எம்.பி. வரையில் படிக்க, சாதாரண ஸாட்டா எஸ்.எஸ்.டி. 500-க்குமேல் படிக்கும், சிறு கோப்புகளைத் தேடியெடுப்பதில் வித்தியாசம் இதனினும் பன்மடங்கு. ஆட்டத்தின் காட்சி வேகம் இதனால் பெரிதும் கூடாது. யந்திரம் துவங்கவும் ஆட்டம் திறக்கவும் ஆகும் நேரம் வெகுவாகக் குறையும். இரண்டாவது ராம். ஒற்றை 8 ஜி.பி. துண்டு மாத்திரம் இருக்கும் யந்திரத்தில் அதற்கிணையான மற்றொன்றைச் சேர்த்தால் அளவு இரட்டிப்பதோடு, இரு வழியாக ஓடும் நன்மையும் கிடைக்கிறது.

இங்கேதான் உலக வியாபாரம் நமது வாலிபனின் பைக்குள் கைவிடுகிறது. செயற்கை அறிவுக்கென அமெரிக்கா முதலிய நாடுகளில் எழும்பும் பிரம்மாண்டமான டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்ள, 2025-ம் வருஷத்தின் கடைசி மாதங்களில் ராமின் விலை கிடுகிடுவென ஏறிற்று. மைக்ரான் கம்பெனி, சாதாரண ஜனங்களுக்குக் குரூஷியல் என்னும் பெயரில் விற்றுவந்த சரக்கையே நிறுத்திவிடுவதாக அவ்வருஷம் டிசம்பரில் அறிவித்தது. இந்த மைக்ரானுக்கே, குஜராத்திலுள்ள சாணந்தில் ஆலை அமைக்க, திட்டச் செலவில் நூற்றுக்கு 50 பங்கை மத்திய சர்க்காரும் 20 பங்கைக் குஜராத் சர்க்காரும் ஏற்பதாக 2023-ல் ஒப்புக்கொண்டன. நாட்டிலே ஆலை வருவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஜனங்களின் வரிப்பணம் இத்தனை பங்கு சேரும் ஆலையின் சரக்கில், உள்நாட்டுச் சில்லறை விற்பனைக்கு இவ்வளவென்று ஒரு பங்கை ஒதுக்கும்படி சர்க்கார் கேட்கலாகாதா? கேட்டதாக நாம் அறியோம்.

விலை இறங்கும்வரை, ராம் விஷயத்தில் பழைய சரக்கைத் தாராளமாக நாடலாம். அது எளிதில் தேய்வதில்லை. போட்டுப் பார்த்துச் சோதித்துவிடலாம். கிராபிக்ஸ் கார்டில் சற்று எச்சரிக்கை வேண்டும். 2022 செப்டம்பரில் ஈத்தர் நாணயத்தைக் கார்டுகளைக்கொண்டு தோண்டும் முறை நின்றபோது, இரவு பகலாக உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. அவை இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. 2016-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1060 போன்ற கார்டுகளுக்கு, புதிய ஆட்டங்களுக்கேற்ற டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது என்பதையும் கருதவேண்டும். எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாத்திரம் ஒருபோதும் பழையதாக வாங்கலாகாது. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்பிப் பெரிய கார்டைப் பூட்டுவது, மின் அழுத்தம் ஏறி இறங்கும் நமது கிராமங்களில் யந்திரம் முழுவதையும் பணயம் வைப்பதாகும். புதியது வாங்க இயலாதவர், தனியாக மின் இணைப்பு வேண்டாத 75 வாட் கார்டோடு அமைவது நன்று, ஜி.டி.எக்ஸ். 1650-ல் அத்தகைய மாடல்கள் உண்டு. வண்ண வண்ணமாக மின்னும் விளக்கு விசிறிகளைப்பற்றி நாம் ஒன்றும் கூறப்போவதில்லை.

வாங்கும் இடம் மதுரையாயின் உத்தமம். 2010-ம் வருஷ முடிவில் நின்றுபோன ரயில், அகலப்பாதையில் 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் திரும்பிவிட்டது. நேரிற்சென்று, கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்து வாங்குவது, முகமறியாதவருக்குப் பணத்தை முன்கூட்டி அனுப்பிவிட்டுப் பார்சலுக்குக் காத்திருப்பதினும் மேல்.

பிராசஸரை மாற்றுவோர் மதர்போர்டு இடங்கொடுக்குமாவென்று முதலிற் பார்க்கவேண்டும். ஏ.எம்.டி. கம்பெனியின் ஏ.எம்.4 போர்டுகளில், 2017-ல் வாங்கிய பலவும், பயாஸைப் புதுப்பித்த பின், 2022-ல் வெளிவந்த ரைசன் 5800 எக்ஸ்3டி பிராசஸரை ஏற்கின்றன. இன்டெலோ, அதே 2017-ல், தொடுமுனைகளின் எண்ணிக்கை 1151 என்று ஒன்றாகவே இருக்க, எட்டாம் தலைமுறைப் பிராசஸருக்குப் புதிய போர்டைக் கட்டாயமாக்கிற்று. வாடிக்கைக்காரனை மதிக்கும் வியாபாரம் எது, வாட்டும் வியாபாரம் எது என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்த சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அதற்காக நல்ல யந்திரத்தைக் குப்பையில் எறியவேண்டுவதில்லை. லினக்ஸ் இலவசம், விண்டோஸ் ஆட்டங்களை அதில் ஓட்டும் புரோட்டான் என்னும் சாதனத்தை வால்வ் கம்பெனி 2018-ல் வெளியிட்டது. வாலரண்ட் போன்ற சில போட்டி ஆட்டங்கள் அதில் ஓடமாட்டா. அவற்றையே நம்பியிருப்போர் இதனை முன்னரே அறிந்து செய்க.

பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய சர்க்கார் 2022-ல் கமிட்டி அமைத்தது. அவ்வருஷ முடிவில் ஓர் இணையத்தளமும் திறந்தது. ஆயினும், உதிரிப் பாகம் வாங்கிப் பழையதைத் திருத்துபவனும், முழு யந்திரத்தைப் புதிதாக வாங்குபவனும் ஒரே 18 சதவிகித ஜி.எஸ்.டி.யைச் செலுத்துகின்றனர். திருத்துபவனுக்கு வரியைக் குறைப்பது கஜானாவை வற்றச் செய்துவிடாது. அடுத்த ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தில் தமிழ்நாட்டு நிதி மந்திரி இதனை எழுப்பவேண்டும் என்று கோருகிறோம்.

கழற்றியெடுத்த பழைய ஹார்டு டிஸ்க் பழுதற்றதாயின், ஒரு வெளிக்கூட்டிலிட்டுக் குடும்பப் படங்களின் பிரதியை அதிலே வைத்துக்கொள்ளலாம். விற்பதானால், உள்ளிருப்பவற்றை முற்றும் அழித்த பின்னரே கொடுக்கவேண்டும்.