பெரிய கேம் போட்டால் போதுமா?

எஞ்சினின் சக்தியைக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது கேம்ஷாஃப்டில்தான். வால்வை அதிகம் தூக்கினால் காற்றும் அதிகம் நுழையும் என்பது அவர்கள் கணக்கு. எவ்வளவு நுழையலாம் என்று முடிவு செய்வதோ சிலிண்டர் ஹெட். 1996இல் செவ்ரோலே டிரக்குகளில் வந்த 5.7 லிட்டர் வோர்டெக் எஞ்சினைப் பாருங்கள். அதன் இன்டேக் வால்வின் விட்டம் சுமார் 49 மி.மீ. அதில் கால் பங்கு, அதாவது 12 மி.மீ. தூக்கியதுமே வால்வைச் சுற்றித் திறக்கும் இடைவெளியின் பரப்பு வால்வின் பரப்புக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் காற்றுக்குக் கடிவாளம் போடுவது போர்ட்தான். போதாக்குறைக்கு, கை வைக்காத அந்த ஹெட்டில் கிட்டத்தட்ட அதே உயரத்தில் ஸ்பிரிங் ரீட்டெய்னர் கீழே முட்டப் பார்க்கும்.

வால்வு உச்சியில் இருப்பது கண நேரம். இன்னும் உயரத் தூக்கினால் நல்ல ஓட்டமுள்ள உயரத்துக்கு மேல் கூடுதல் நேரம் நிற்குமே என்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்த உயரத்தைத் தாண்டியதும் ஓட்டம் தடுமாறும் ஹெட்டில் அந்த ஆதாயம் சொற்பம்; கடினமான ஸ்பிரிங்கும் தேய்மானமும்தான் மிச்சம். பெரிய கேம்கள் பெரும்பாலும் வால்வை நெடுநேரம் திறந்தும் வைப்பதால் ஐட்லிங்கில் வண்டி குலுங்கும், குறைந்த வேகத்தில் இழுவை போய்விடும். கேமுக்குப் பணம் கட்டும் முன் ஹெட்டை ஃப்ளோ பெஞ்சில் ஏற்றி, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக ஓட்டத்தை அளந்துவிடுங்கள்.