வேலையை விடும் எண்ணம் வீட்டில்தான் முதலில் தெரியும்

பிள்ளையின் படிப்புக்கு உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வந்த ஒரு சகோதரி, மனுவைக் கொடுத்துவிட்டு எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார். "அவரு வேலையை விட்டுட்டாரு பாய். எனக்கே நாலு நாள் கழிச்சுத்தான் தெரியும்" என்றார். அந்த நாலு நாளும் கணவர் வழக்கம்போல் டிபன் பாக்ஸோடு காலையில் கிளம்பி, மாலையில் திரும்பியிருக்கிறார். எங்கே போய் உட்கார்ந்திருந்தார் என்று அந்தச் சகோதரியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எத்தனை வருட சர்வீஸ் என்று மட்டும் கேட்டேன். நாலு வருடம் ஏழு மாதம். இன்னும் ஐந்து மாதம் பொறுத்திருந்தால் கிராஜுவிட்டி கைக்கு வந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. ராஜினாமாக் கடிதம் ஒரே நாளில் எழுதப்படுவதில்லை. அதற்கு முன் வாரக் கணக்கில், சில நேரம் மாதக் கணக்கில், அந்த எண்ணம் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டிலிருப்பவர்களும் கடை முதலாளியும் அதைப் பார்க்க முடியும். பார்த்தால் பேச முடியும். கடிதம் போன பிறகு பேசி என்ன பயன்?

நம் ஊரில் ஃபோர்டு என்ற பெயரை அறியாத வீடு இல்லை. அந்தக் கம்பெனியின் அமெரிக்கக் கதை ஒன்று இந்த விஷயத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. 1913-ல் டெட்ராய்ட் பக்கத்திலுள்ள ஹைலண்ட் பார்க் ஆலையில் சுமார் 14,000 பேர் வேலை செய்தார்கள். அந்த 14,000 பேரை நிறுத்தி வைக்க, அந்த ஒரு வருடத்தில் 52,000 பேரைப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. போனவர்களில் முறைப்படி சொல்லிவிட்டுப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலானோர் ஒரு நாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. ஐந்து நாள் தொடர்ந்து வராவிட்டால் ஆள் போய்விட்டார் என்று கணக்கில் எழுதிக்கொண்டார்கள். 1914 ஜனவரி 5-ல் ஹென்றி ஃபோர்டு எட்டு மணி நேர வேலைக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார். முன்பு ஒன்பது மணி நேரத்துக்குக் கிடைத்தது இரண்டரை டாலருக்கும் குறைவு. வருடத்துக்கு 370 சதவீதமாக இருந்த ஆள் மாற்றம் 1915-ல் 16 சதவீதத்துக்கு இறங்கியது. (அந்த ஐந்து டாலரை முழுசாக வாங்க, தொழிலாளி ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறாரா என்று கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்து விசாரிப்பார். அது வேறு கதை.)

இந்தக் கதையில் சம்பளம் உயர்ந்ததை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த ஐந்து நாள் கணக்குதான் கண்ணில் படுகிறது. ஆயிரக்கணக்கான பேர் உள்ளுக்குள் முடிவெடுத்திருந்தார்கள். யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. நம் பகுதி பிரியாணிக் கடையிலும் மொபைல் கடையிலும் லேத் பட்டறையிலும் இன்றும் இதே கதைதான். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தான் பாய், இன்னைக்கு போன் சுவிட்ச் ஆஃப்" என்று சொல்லாத முதலாளி இருக்கிறாரா?

நேற்று வரை நன்றாக இருந்தானா என்பதுதான் கேள்வி. தாமஸ் லீ, டெரன்ஸ் மிட்செல் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1994-ல் எழுதிய கட்டுரையில் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்கள். சலிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துதான் எல்லோரும் வேலையை விடுகிறார்கள் என்று நினைக்கிறோம். ஆனால் பல பேரை யோசிக்க வைப்பது ஏதோ ஒரு சம்பவம். மேலாளர் நாலு பேர் முன்னால் போட்ட சத்தம், நமக்குப் பின்னால் சேர்ந்தவருக்குக் கிடைத்த பிரமோஷன், அத்தாவுக்கு வந்த நோய், தங்கைக்கு முடிவான நிக்காஹ், துபாயிலிருந்து மச்சான் போட்ட ஒரு வாய்ஸ் மெசேஜ். சம்பவம் கெட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நல்ல செய்தியும் ஆளைக் கிளப்பிவிடும். ஆகவே அடையாளங்களைத் தேடும் முன், சமீபத்தில் அவருக்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அடையாளங்கள் பற்றி டிமோத்தி கார்ட்னர், பீட்டர் ஹோம் என்ற இருவர் மேலாளர்களிடம் விசாரித்து ஆராய்ந்தார்கள். திடீரென்று நல்ல உடை போட்டு வருவது, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அடிக்கடி அனுமதி கேட்பது ஆகியவற்றைத்தான் எல்லோரும் அடையாளமாகச் சொல்வார்கள். அவர்கள் ஆய்வில் அவை பெரிதாக எதையும் காட்டிக் கொடுக்கவில்லை. காட்டிக் கொடுத்தவை சாதாரண விஷயங்கள். சொன்ன வேலையை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்வது, சீக்கிரம் கிளம்புவது, வாடிக்கையாளரிடம் அக்கறை குறைவது, மேலாளரின் பாராட்டைப் பற்றிக் கவலைப்படாமல் போவது, ரொம்ப நாள் ஆகும் வேலை எதிலும் மாட்டிக்கொள்ளாமல் ஒதுங்குவது.

இந்தக் கடைசி அடையாளம் நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும். அடுத்த வருடத்தைப் பற்றிப் பேச மாட்டார். புதுச் சீட்டு சேரலாமா, மாடியில் ஒரு ரூம் எடுக்கலாமா, பிள்ளையை அந்த ஸ்கூலில் போடலாமா என்று எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்ததும் அன்றைய கதையைச் சொல்பவர், கம்பெனி பேச்சையே எடுக்க மாட்டார். அலமாரிக்குள் கிடந்த சர்ட்டிபிகேட் பை வெளியே வரும். பாஸ்போர்ட் காலாவதி தேதியைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை இரவு முகம் மாறும்.

புலம்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலையைப் பற்றிய குறை கூடினால் அது அடையாளம் என்று அந்த ஆய்வும் சொல்கிறது. என் அனுபவத்தில் அதைவிடக் கவலைப்பட வேண்டியது, தினமும் புலம்பியவர் திடீரென்று நிறுத்துவது. புலம்புகிறவருக்கு, யாராவது கேட்டு ஏதாவது மாறும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. நிறுத்தியவர் அந்தக் கணக்கை முடித்துவிட்டார். "இப்பல்லாம் அவரு சத்தமே போடறதில்ல, நிம்மதியா இருக்கு" என்று நினைக்கிற மனைவியும் முதலாளியும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும்.

அதே நேரத்தில், ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவுகட்டிவிடாதீர்கள். சீக்கிரம் கிளம்புகிறவருக்கு வீட்டில் நோயாளி இருக்கலாம். பேசாமலிருப்பவருக்குக் கடன் தொல்லை இருக்கலாம். அவருடைய வழக்கத்திலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறார் என்பதே கணக்கு.

கடை நடத்தும் சகோதரர்களுக்கு ஒன்று. சந்தேகம் வந்ததும் "போறியா? போறதுன்னா இப்பவே போ" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்டால் போகாமல் இருந்தவரும் போய்விடுவார். சம்பளத்தைப் பிடித்து வைத்து ஆளை நிறுத்தப் பார்ப்பது அதைவிட மோசம். தனியாகக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "இங்க உனக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். ஜும்ஆவுக்கு அரை மணி நேரம் கிடைக்கவில்லை, சம்பளம் ஐந்தாம் தேதி என்று சொல்லிப் பன்னிரண்டில்தான் வருகிறது என்பது போன்ற பதில்கள் வரும். பாதிக்குக் காசே செலவாகாது.

நம் ஊரில் ஆட்கள் மனதிலிருப்பதைச் சொல்லத் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. 2021 செப்டம்பர் 9-ல் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் இங்கே கடைசி வண்டி வெளியே வந்தது. அன்று தொழிலாளி வேலையை விடவில்லை, வேலைதான் தொழிலாளியை விட்டுப் போனது. அதைப் பார்த்த குடும்பங்களில், இருக்கும் வேலையை விடுகிறேன் என்று சொன்னால் அம்மா அழுவார், மாமனார் கோபப்படுவார். அதனால்தான் டிபன் பாக்ஸோடு நாலு நாள் வெளியே உட்கார வேண்டி வருகிறது. இப்போது அதே ஆலையில் இன்ஜின் தயாரிக்கப் போவதாக 2025 அக்டோபரில் வந்த அறிவிப்பு வேறு சிலரை யோசிக்க வைத்திருக்கிறது. அதை நம்பி இன்றைக்கே கடிதம் எழுத வேண்டாம். சொல்லப்பட்டிருப்பது 600-க்குக் கொஞ்சம் அதிகமான வேலைகள், உற்பத்தி தொடங்குவது 2029-ல்.

வீட்டில் அடையாளம் தெரிந்தால் "விடாதே" என்று ஆரம்பிக்காதீர்கள். "எப்போது விட்டால் நஷ்டமில்லை?" என்று ஆரம்பியுங்கள். அவர் பேசுவார். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால் கிராஜுவிட்டி உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000 ரூபாய் என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு 8,076. ஐந்து வருடத்துக்கு 40,000-க்கு மேல். நாலு வருடம் முடிந்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே ஐந்து வருடமாகக் கொள்ளலாம் என்று 1998-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தச் சகோதரியின் கணவருக்கு அந்த 240 நாளும் நிறைந்திருக்கவில்லை. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பின்படி ஒரு வருடமே போதும்.

பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும், நடுவில் பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால் பழைய சர்வீஸ் போய்விடும். பழைய கம்பெனி, வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்யாமல் விட்டால் பணம் எடுப்பதும் மாற்றுவதும் சிக்கிக்கொள்ளும். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, பி.எஃப். இணையதளத்தில் உறுப்பினரே அந்தத் தேதியைப் பதிந்துகொள்ளலாம். ஆதாரோடு இணைந்த மொபைல் எண் கையில் இருக்க வேண்டும். மேலே சொன்ன குடும்பத்தில் அந்த எண் ரீசார்ஜ் செய்யாமல் கிடந்தது.