பழசு என்று நிறுத்து விற்கலாமா?

இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த எமது குடும்பங்கள் கையோடு கொண்டு வந்தவை சொற்பமே. ஒரு குத்துவிளக்கு, இரண்டு மூக்குப்பேணி, அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டம், கொஞ்சம் நகை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில், கட்டிலுக்கு அடியில் அவை ஆண்டுக்கணக்காக இருந்தன. பிள்ளையின் படிப்புச் செலவோ வீட்டு முற்பணமோ நெருக்கும்போது முதலில் வெளியேறுபவையும் அவையே. பித்தளைச் சாமான் பழைய இரும்பு வாங்குபவரின் தராசுக்குப் போகிறது. நகை செட்டியார் தெருவுக்குப் போகிறது. இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான்: நிறை எவ்வளவு?

இதே பொருட்களுக்கு இன்னொரு சந்தையும் உண்டு. அதுதான் ஏலம். அங்கே நிறையைப் பார்ப்பதில்லை. வயது, வேலைப்பாடு, யாரிடமிருந்து வந்தது என்பவற்றையே பார்க்கின்றனர்.

ஏலம் எமது நாட்டுக்குப் புதியதல்ல. ஷொக்மன் அன்ட் சமரவிக்ரம என்ற ஏல நிறுவனம் 1892ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கடனுக்காக வங்கிகள் காணி, வீடு விற்கும் அறிவித்தல்களில் அதன் பெயரைப் பலர் கண்டிருப்பீர்கள். ஏலம் என்றதும் எமக்குப் பயம் வருவதும் அதனால்தான். ஆனால் உரிமையாளர் தாமே விரும்பிப் பொருளைக் கொடுக்கும் ஏலமும் உண்டு. பொருளை முன்கூட்டியே பார்வைக்கு வைப்பார்கள். இதற்குக் கீழே விற்கக்கூடாது என்று ஒரு விலையை உரிமையாளர் பேசி வைக்கலாம். விற்றபின் ஏலக்காரர் தமது தரகைக் கழித்துக்கொண்டு மிகுதியைத் தருவார். அந்தத் தரகு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு குடும்பம் 2007ஆம் ஆண்டு, வீட்டுச் சாமான் விற்பனை ஒன்றில் 3 டொலருக்கு ஒரு வெள்ளைக் கிண்ணம் வாங்கியது. பிறகு விசாரித்தபோது அது சுமார் ஆயிரம் ஆண்டு பழைமையான சீனக் கிண்ணம் என்று தெரிந்தது. 2013 மார்ச்சில் சதபீஸ் ஏலத்தில் அது 22 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. இலாபம் அடைந்தவர் விசாரித்தவரே. 3 டொலருக்கு விற்றவர் அல்ல.

எமது மூக்குப்பேணிக்கும் இலட்சங்கள் கிடைக்கும் என்பதல்ல இதன் பொருள். பெரும்பாலான பழைய பாத்திரங்களுக்குச் சாதாரண விலையே கிடைக்கும். ஆனாலும் விற்குமுன் சிலவற்றைக் கவனியுங்கள், சகோதரிகளே!

புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். காலத்தால் படிந்த நிறத்தைப் பழம்பொருள் வாங்குவோர் விரும்புவர். ஒவ்வொரு பொருளையும் படம் எடுங்கள். யாருடையது, எந்த ஊர், எந்தத் தலைமுறை என்று எழுதி வையுங்கள். பழைய வேலைப்பாடுள்ள அட்டியலையோ பதக்கத்தையோ உருக்கக் கொடுத்தால் பிறகு பொன்னின் விலை மட்டுமே மிஞ்சும். ஒருவர் சொன்ன விலையுடன் நின்றுவிடாமல் இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள். 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கொழும்பு தேசிய நூதனசாலைக்கு ஒருமுறை சென்று, இவை போன்ற பொருட்களை எவ்வாறு பேணுகிறார்கள் என்றும் பாருங்கள்.

சட்டத்தையும் அறிந்திருப்பது அவசியம். தொல்பொருட்களை உத்தரவுப் பத்திரம் இன்றி நாட்டுக்கு வெளியே அனுப்ப 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டம் இடமளிப்பதில்லை. கலாசார ஆதனங்கள் பற்றிய 1988ஆம் ஆண்டின் சட்டமும் இவ்வாறே கட்டுப்படுத்துகிறது. கனடாவில் உள்ள மகளுக்குப் பழைய விளக்கை அனுப்ப நினைப்பவர்கள் முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரிப்பது நல்லது. கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் அகப்படும் பழம்பொருள் அரசுக்குரியது. அதை விற்பது குற்றமாகும்.

தேவை வந்தால் விற்கத்தான் வேண்டும்; அதில் வெட்கமில்லை. போரில் வீட்டையும் தோட்டத்தையும் கேட்காமலே இழந்தோம். மிஞ்சிய இந்த ஒன்றிரண்டையாவது, என்ன பெறும் என்று அறிந்து, நாமே முடிவெடுத்து விற்போம். அல்லது வைத்திருப்போம்.