துக்கத்தைக் கேட்பவர்கள்

கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்கள் பிரிட்டனில் நாடிச் செல்லும் பெரிய அமைப்புகளுள் ஒன்று குரூஸ். 1959-இல் லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் மார்கரெட் டோரி என்பவர் தொடங்கியபோது அது கைம்பெண்களுக்கு மட்டுமானதாக இருந்தது. ஆறுதல் பேச்சோடு உதவித்தொகை, வீடு, பிள்ளைகளின் வளர்ப்பு பற்றிய யோசனைகளும் அங்கே கிடைத்தன. சம்பாதித்தவர் போய்விட்ட வீட்டில் அழுகையும் அடுப்பும் சேர்ந்தேதான் கவலை தரும். மனைவியை இழந்த ஆண்களுக்கும், பிறகு எந்த உறவை இழந்தவருக்கும் கதவு திறந்தது 1980களில்.

துக்கத்தை மருத்துவர்கள் உற்றுப் பார்க்கத் தொடங்கியது அதற்கும் முன்பு. 1942 நவம்பர் 28 இரவு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோகனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி தீப்பற்றி 492 பேர் இறந்தனர். தப்பியவர்களோடும் உறவினரை இழந்தவர்களோடும் பேசிய மனநல மருத்துவர் எரிக் லிண்டமன், 1944-இல் வெளியிட்ட கட்டுரையில் துக்கத்தின் உடல் அடையாளங்களை எழுதினார்: தொண்டை அடைப்பு, பெருமூச்சு, வயிற்றில் ஒரு வெறுமை, அலை அலையாக வந்து போகும் தவிப்பு.

பிரிட்டனில் அந்த வேலையை முன்னெடுத்தவர் காலின் மரே பார்க்ஸ். சாகும் தறுவாயில் உள்ளவர்களைப் பராமரிக்க சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் லண்டனில் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸில், நோயாளி இறந்த பிறகு குடும்பத்தைத் தொடர்ந்து கவனிக்கும் சேவையை அமைத்தவர் அவர். 1966-இல் வேல்ஸில் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேரைப் பலிகொண்ட அபர்ஃபான் கிராமத்துக்கும் சென்று உதவினார். சுனாமியில் உறவுகளை இழந்தவர்களின் மனநலத் தேவைகளை அறிய 2005-இல் இந்தியாவுக்கும் வந்தார்.

குரூஸ் போன்ற அமைப்புகளில் துக்கப்பட்டவரோடு நேரில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். பயிற்சியில் அவர்கள் முதலில் விடவேண்டியது, துக்கம் விசாரிக்கப் போகும் எல்லோரும் சொல்கிற வாசகங்களை. ‘போனவர் நிம்மதியாகப் போனார்’, ‘பிள்ளைகளுக்காகத் தைரியமாக இருங்கள்’ என்பவை துக்கப்பட்டவரின் வாயை அடைத்துவிடும். ஆலோசகர் இறந்தவரின் பெயரைச் சொல்லியே பேசுகிறார். கடைசி நாட்களைப் பற்றிக் கேட்கிறார். ஒரே கதையைப் பத்தாம் முறை சொன்னாலும் இடைமறிப்பதில்லை. வீட்டார் கேட்டுச் சலித்த கதைக்கு அங்கே இடமுண்டு. கோபமும் குற்ற உணர்வும், நெடுநாள் நோயாளி இறந்ததில் வந்த நிம்மதியும்கூட அங்கே வெளிவரும். இந்த நிம்மதியைத்தான் பலர் வேறு எவரிடமும் சொல்வதில்லை.

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து படிகள் ஊரறிந்தவை. எலிசபெத் குப்லர்-ராஸ் 1969-இல் இவற்றை எழுதியது, சாகப்போகும் நோயாளிகளோடு பேசியதை வைத்து. இழந்தவர்களுக்கு அது பிற்பாடு பொருத்தப்பட்டது. தனக்குக் கோபமே வரவில்லையே, ஏதோ கோளாறோ என்று பயந்து வருபவர்கள் உண்டு. இப்படி ஒரு பயத்தை வளர்த்துவிட்டது அந்தப் பட்டியலின் கெடுபலன். நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999-இல் முன்வைத்த கருத்து நடப்புக்கு இன்னும் நெருக்கமானது. துக்கப்படுபவர் ஒருநேரம் இழப்பில் மூழ்குகிறார். மறுநேரம் வங்கிக் கணக்கு, சமையல், வேலை என்று திரும்புகிறார். இரண்டுக்கும் நடுவே ஊசலாடுவதே இயல்பு.

எல்லாத் துக்கத்துக்கும் ஆலோசனை தேவையில்லை என்பதை இத்துறை கொஞ்சம் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. இழந்த எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்தால் பலன் சொற்பம், தவித்துக்கொண்டிருப்பவருக்குக் கொடுத்தால் பலன் உண்டு என்று 2008-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு காட்டியது. பெரும்பாலோரை உறவும் நட்பும் காலமும் கரை சேர்த்துவிடுகின்றன. தற்கொலை, கொலை, விபத்து, பிள்ளையின் மரணம், ஆதரவில்லாத குடும்பம் ஆகியவை இருந்தால் கவனம் கூட வேண்டும். ஏக்கம் மாதக்கணக்கில் தணியாமல் அன்றாட வாழ்வையே முடக்கும் நிலை, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் தனி நோயாக நடைமுறையில் உள்ளது. அதற்குக் குறைந்தது ஆறு மாதம் கடந்திருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பெரியவர்களுக்கு ஓராண்டு என்கிறது. அந்த நிலையில் இருப்பவருக்குத் தன்னார்வலரின் செவி போதாது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளரிடம் அனுப்புகிறார்கள்.

குழந்தைகளோடு வேலை செய்யும் விதம் வேறு. பிரிட்டனில் 1992-இல் தொடங்கிய வின்ஸ்டன்ஸ் விஷ் போன்ற அமைப்புகள், ‘அப்பா தூங்குகிறார்’, ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்று மழுப்பாமல் இறந்துவிட்டார் என்றே சொல்லச் சொல்கின்றன. தூக்கம் என்று சொல்லப்பட்ட குழந்தை படுக்கவே அஞ்சும். புகைப்படம், கைக்கடிகாரம், கடிதம் ஆகியவற்றை இட்டு வைக்கும் நினைவுப் பெட்டி இங்கே வழக்கமான கருவி.

கேட்பவருக்கும் கேட்க ஒருவர் வேண்டும். ஆலோசகர்கள் அனுபவமுள்ள மேற்பார்வையாளரிடம் முறைவைத்துப் பேசுகிறார்கள். தம்மிடம் வந்தவரின் துயரம் தம் பழைய இழப்பைக் கிளறியதா என்பதும் அங்கே அலசப்படும். சொந்த வீட்டில் அண்மையில் சாவு கண்டவர் இப்பணிக்கு விண்ணப்பித்தால், சிறிது காலம் கழித்து வரச் சொல்வது வழக்கம்.